நாக்கில் வைத்த எலும்பு

போன மாதம் உங்களில் ஒருவர் எனக்கு ஃபோன் செய்தார். பெயர் சொல்ல மாட்டேன். இந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார், தலையைக் குனிய வேண்டாம். "மேடம், பழவேற்காடு ஏரிப் பக்கம் கிடைச்ச தாழிக் குழந்தை, அந்த ஐயாயிரம் வருஷத்துக் குழந்தை, நம்ம தொல்லியல் துறை ஸ்டோர்ல இல்லையே? படம் மட்டும்தான் இருக்கு. சாம்பிள் தொலைஞ்சு போச்சா, திருட்டுப் போச்சா? காதெலும்பு மட்டும் கிடைச்சாக்கூடப் போதும், டி.என்.ஏ. எடுத்துப் பார்த்துடலாம்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஃபோனிலேயே அவரைக் கண்டபடி திட்டினேன். அதற்கு இன்று எல்லார் முன்னாலும் ஏதாவது இதமாகப் பேசுவேன் என்று என்னை அழைத்தவர்கள் எதிர்பார்க்கலாம். அந்த ஆசையே வேண்டாம். நாற்பது வருஷமாக அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. சாம்பிளாம்!

அது தொலையவும் இல்லை, திருட்டுப் போகவும் இல்லை. அந்தப் பிள்ளையைப் பெற்றவள் வந்து எடுத்துக்கொண்டு போனாள். ஐயாயிரம் வருஷத்துக் குழந்தைக்கு அம்மா எங்கிருந்து வந்தாள் என்று பின்வரிசையில் சிரிப்பு கேட்கிறது. சிரியுங்கள். நான் சொல்லி முடித்த பிறகும் சிரிப்பு வந்தால் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வாருங்கள்.

எண்பதுகளின் ஆரம்பம். தோண்டி எடுக்கும் எலும்புகளைப் பார்த்து ஆணா பெண்ணா, எத்தனை வயது, எப்படி வாழ்ந்தார், எதனால் செத்தார் என்று சொல்வது என் வேலை. தற்காலிக வேலைதான். வருஷா வருஷம் நீட்டிப்பு வரும். அந்த நீட்டிப்புக்கு எங்கள் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அவர் பெயர் வேண்டாம், போய்ச் சேர்ந்துவிட்டார். தமிழ்நாட்டில் அவர் தோண்டாத மேடு இல்லை. பானை ஓடுகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட உங்களில் யாருக்கும் தெரியாது. இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒரு முட்டாளைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். முட்டாள் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அப்போது டி.என்.ஏ. எல்லாம் எங்கள் கனவில்கூட வரவில்லை. உங்களைப் போல வெள்ளை உடுப்பும் இரட்டைக் கையுறையும் போட்டு, மூச்சுக்கூடப் படாமல் எலும்பைத் தொடுகிறவர்கள் இல்லை நாங்கள். கண், கை, பூதக்கண்ணாடி. அதோடு நாக்கு. ஆமாம், நாக்குதான். எனக்கு எலும்பு சொல்லிக்கொடுத்தவர் ஒரு மருத்துவக் கல்லூரியில் பிணம் அறுக்கும் அறையில் பாடம் நடத்திய டாக்டர். முதல் நாளே ஒரு எலும்புத் துண்டைக் கொடுத்து, "நாக்கில வை" என்றார். நான் முகத்தைச் சுளித்தேன். "வைக்க முடியலைன்னா பேங்க் பரீட்சை எழுதப் போம்மா" என்றார். வைத்தேன். கப்பென்று ஒட்டிக்கொண்டது. மிகப் பழைய எலும்பில் பசையெல்லாம் மண்ணோடு போய்விடும், கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள்தான் மிஞ்சும். ஈர நாக்கில் வைத்தால் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அண்மையில் செத்தவர் எலும்பு ஒட்டாது. இதை மட்டுமே வைத்து முடிவு சொல்லக் கூடாது என்றும் அவரே சொன்னார்.

இதைக் கேட்டு உங்களுக்கு உடம்பெல்லாம் கூசும். அந்தக் காலத்தில் என் கைக்கு வந்த எலும்புகளை நீங்கள் பரிசோதித்தால் என் குடும்ப மரபணு முழுக்க அதில்தான் இருக்கும். தாழியில் கிடந்தவர்கள் எல்லாரும் எனக்குச் சித்தப்பா பெரியப்பா என்று கட்டுரை எழுதிவிடாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழவேற்காட்டிலிருந்து படகேறிப் போனால் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மீனவக் குப்பம். அதை ஒட்டி ஒரு மணல் மேடு. அங்கே புயல் பாதுகாப்புக் கட்டடம் கட்ட அரசாங்கத்தில் அடித்தளம் வெட்டியபோது பெரிய தாழி ஒன்று உடைந்து எலும்பு வெளியே வந்தது. கட்டட வேலையை நிறுத்திவிட்டு எங்கள் ஆட்கள் தோண்டப் போனார்கள். நான் அப்போது தெற்கே வேறோர் இடத்தில் இருந்தேன். 'உடனே வா' என்று தந்தி வந்து, பொன்னேரியில் இறங்கி, பழவேற்காட்டு பஸ் பிடித்து, பாய் கட்டிய படகில் போய்ச் சேர்ந்தபோது தோண்டும் வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது.

நல்ல இடம் அது. சந்தேகமே வேண்டாம். கறுப்பும் சிவப்புமாக வழவழவென்ற பானைகளோடு பழைய தாழிகள் வரிசையாக இருந்தன. ஒரு தாழியில் நடுவயது தாண்டிய ஒரு பெண்மணி. மூன்று நாள் அவளோடுதான் உட்கார்ந்திருந்தேன். கடைவாய்ப் பற்கள் மொழுக்கென்று தேய்ந்திருந்தன. மணல் கலந்த மட்டிச் சிப்பியும் மீனும் வாழ்நாளெல்லாம் தின்றவள். முன்பற்களின் ஓரத்தில் வரிவரியாகப் பள்ளம். ஏதோ ஒரு நூலைப் பல்லில் கடித்து இழுத்து இழுத்து விழுந்த பள்ளம். குப்பத்துக்குள் போய்ப் பார்த்தால் வலை முடைகிறவர்கள் அதே இடத்தில் அதே மாதிரி நூலைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. எழுத்து இல்லாத காலத்து மனுஷி ஒருத்தி, தான் என்ன வேலை செய்தாள் என்பதைப் பல்லில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்!

ஓடிப்போய் அதிகாரியிடம் சொன்னேன். அவர் பூதக்கண்ணாடியைக்கூட வாங்கவில்லை. "மீன்காரி பல்லைப் பார்க்க எந்த மந்திரி வருவார் சொல்லுங்க? அந்தக் குழந்தையைப் பாருங்க முதல்ல" என்றார்.

அந்தப் பெண்மணி இன்னும் ஸ்டோரில் இருக்கிறாள். அவள் காதெலும்பை வேண்டுமானால் முறைப்படி கேட்டு எடுத்துப் பாருங்கள். இந்த ஊர் வெக்கையிலும் உப்பிலும் என்ன மிஞ்சியிருக்குமோ தெரியாது. மிஞ்சியிருந்தால் அவள் யார் வழியில் வந்தவள் என்று எனக்கும் சொல்லுங்கள். தெரிந்துகொண்டு சாக ஆசை.

குழந்தை, கூடாரத்துக்குள் வெள்ளைத் துணிமேல் இருந்தது. குப்பத்து ஆட்கள் யாரையும் உள்ளே விடவில்லை. அங்கே வைத்து ஏற்கெனவே படம் எடுத்தாகிவிட்டது. பத்திரிகைக்காரர்கள் வந்து போயாகிவிட்டது. 'ஐயாயிரம் ஆண்டு உறங்கிய குழந்தை' என்று செய்தியும் வந்துவிட்டது. சென்னையில் ஒரு கண்காட்சி, மந்திரி திறந்து வைக்கிறார், நடுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இந்தக் குழந்தை. பெட்டி தச்சு வேலைகூட முடிந்துவிட்டது. என் கையெழுத்தோடு ஓர் அறிக்கை மட்டும் பாக்கி.

அவருக்கு அது ஏன் பழசு என்று தோன்றியது? பானைக்குள் வைத்துப் புதைத்திருக்கிறது. காலடியில் ஒரு மண் குண்டு, வலை தண்ணீரில் அமிழ்வதற்காகக் கட்டுகிற, நடுவில் ஓட்டை போட்டுச் சுட்ட குண்டு. பழைய தாழிகளில் இரண்டில் அதே மாதிரி குண்டு இருந்தது. பானைக்குப் பானை, குண்டுக்குக் குண்டு. எங்கள் தொழிலில் இருக்கிறவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. பொருள் ஒன்றாக இருந்தால் காலமும் ஒன்றாக இருக்கும் என்று படித்துப் படித்து மண்டையில் ஏற்றி வைத்திருக்கிறோம். அந்தக் குப்பத்தில் எந்த வலையைத் தூக்கினாலும் அதே குண்டு கலகலவென்று தொங்குகிறது! அதையும் சொன்னேன். "பார்த்தீங்களா, என்ன ஒரு தொடர்ச்சி!" என்று பூரித்துப் போனார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

கையில் எடுத்த உடனே எனக்குச் சரியாகப் படவில்லை. எலும்பு கனமாக இருந்தது. லேசான எண்ணெய்ப் பிசுக்கு. கூடாரத்துக்குப் பின்னால் போய் ஒரு விலா எலும்பை நாக்கில் வைத்தேன். ஒட்டவில்லை. இன்னொன்றை வைத்தேன். அதுவும் ஒட்டவில்லை. இது போதாது, வேறு சான்று வேண்டும் என்று சலித்துக் கொட்டிய மண் குவியலில் போய் உட்கார்ந்தேன். ஒரு முழு நாள் கையால் அளைந்து பார்த்ததில் கறுப்புக் கயிறு ஒன்று அகப்பட்டது. மெல்லிய நூல்களைச் சேர்த்து முறுக்கி, வட்டமாக முடிச்சுப் போட்ட கயிறு. என் இரண்டு கையையும் குவித்தால் அதற்குள் அடங்கிவிடும். பிள்ளையின் இடுப்பளவு. தீக்குச்சியை அருகில் கொண்டுபோனேன், நுனி உருகிச் சுருண்டது. நைலான்.

ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் நைலான்!

அதிகாரியிடம் காட்டினேன், எலும்பு நாக்கில் ஒட்டவில்லை என்றும் சொன்னேன். அதை அவர் காதிலேயே வாங்கவில்லை. "மேலேயிருந்து விழுந்த குப்பை. படம் எடுக்கறதுக்கு முன்னாடி நான்தான் சுத்தம் பண்ணச் சொன்னேன்" என்றார். படம் எடுக்கும் முன் குழியைத் துடைத்துப் பெருக்கிப் பளிச்சென்று ஆக்குவது நம் வழக்கம், உங்களுக்கும் தெரியும். அந்தத் துடைப்பில் உண்மை முதலில் போனது. "கயிறு எலும்புக்கு மேலே இருந்ததா, கீழே இருந்ததா?" என்று கேட்டேன். "எலும்பைச் சுத்தி ஒட்டிக்கிட்டிருந்தது" என்று அவர் வாயாலேயே சொன்னார். சொல்லிவிட்டு, "நாளன்னிக்குக் கண்காட்சி திறக்க மந்திரி வர்றார். அறிக்கையை எழுதிக் கொடுங்க" என்றார்.

நான் எழுதவில்லை. அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மறுநாள் சாயங்காலம் பெட்டி படகேற வேண்டும் என்று ஏற்பாடு.

மறுநாள் காலையில் அந்த அம்மாள் வந்தாள். பெயர் கோவிந்தம்மா. முப்பது வயது இருக்கும். கூட அவள் கொழுந்தன், குப்பத்தில் நாலைந்து பேர். அவள் குடும்பம் முன்பு இந்தக் குப்பத்தில்தான் இருந்தது. சில வருஷம் முன்னால் வந்த புயலில் வீடு, படகு எல்லாம் போய், ஏரிக்கு மேற்கே ஆரம்பாக்கம் பக்கம் குடிபோய்விட்டார்கள். அங்கே முடிவெட்டும் கடையில் கொழுந்தன் பேப்பரைப் புரட்டியிருக்கிறான். படத்தில் இருந்த பானையைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டு, பேப்பரைக் கெஞ்சி வாங்கி அண்ணியிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான்.

அவள் நேராகக் கூடாரத்துக்குள் வந்தாள். வெள்ளைத் துணியைப் பார்த்தாள். "இன்னா சார் இது, எம் புள்ளைய இப்பிடிப் பரப்பி வெச்சிகீறீங்க?" என்றாள்.

"யாரும்மா நீ? இங்கெல்லாம் பொதுஜனம் வரக் கூடாது" என்றார் அதிகாரி.

"அது எங்கூட்டுப் பானை சார். மீன் உப்புல ஊறப்போடற பானை. வாய்க்கிட்ட விரிசல் வுட்டு, எங்கூட்டுக்காரு படகுக்குப் பூசற கீலை வெச்சு அடைச்சாரு. தோ கீது பாரு" என்று காட்டினாள். பானையின் விளிம்பில் கறுப்பாக ஒரு திட்டு இருந்தது உண்மை. அதிகாரி தன் குறிப்பில் அதைப் 'பழங்காலப் பிசின்' என்று எழுதியிருந்தார்.

"புயல்ல எங்கப் பாத்தாலும் தண்ணி. புள்ளைக்கு மூணு நாளா ஜுரம். செத்துப் போயிட்டான். பொதைக்கறதுக்கு இந்த மேட்ட வுட்டா காஞ்ச நெலம் இல்ல. தோண்டத் தோண்ட மணல் சரியுது. அதான் பானைல வெச்சோம். மறுக்கா தண்ணி ஏறுனா இழுத்துகினு போயிடப் போதுன்னு கால்மாட்டுல குண்டு வெச்சாரு எங்கூட்டுக்காரு. நாங்க அப்பிடித்தான் சார் செய்வோம், சின்னப் புள்ளைங்களுக்கு. ஊர்ல யார வேணா கேளு."

அங்கே நின்ற ஆட்கள் ஆமாம் என்றார்கள். பழைய தாழியில் குண்டு எதற்கு இருந்தது என்று நாங்கள் ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். வேறொரு நாளாக இருந்தால் அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவளை உட்காரவைத்து நாள் முழுக்கக் கேட்டிருப்பேன்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. "புயல் நிவாரணம் ஏதாவது பாக்கி இருக்கும். பிணத்தைக் காட்டி வாங்கலாம்னு கிளம்பி வந்திருக்காங்க" என்றார்.

அவள் ஒரு பைசா கேட்கவில்லை. பிள்ளையைக் கேட்டாள். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறை இருக்கிறது. இரும்புக் கதவு, பூட்டு, காவல், உள்ளே கல்லில் மண்டை ஓடு செதுக்கி வைத்திருக்கிறது. வியாபாரத்துக்கு வந்து காய்ச்சலில் செத்த வெளிநாட்டுக்காரனை யாரும் தொட முடியாது. போன புயலில் செத்த குப்பத்துப் பிள்ளையைத் தோண்டிச் சென்னைக்குப் பெட்டி கட்டலாம், பெற்றவள் வந்து கேட்டால் காசுக்கு வந்தவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பையிலிருந்து கயிற்றை எடுத்து அவளிடம் காட்டினேன். "இது என்னன்னு தெரியுமாம்மா?"

வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "அர்ணாக்கயிறு. வெள்ளிக்கு வழி இல்ல. நைலான் வலை வாங்குன புதுசுல, மிச்ச நூல முறுக்கி நாந்தான் கட்டுனேன்" என்றாள். அதன் பிறகுதான் அழுதாள்.

அதிகாரி தளர்ந்துவிடுவார் என்று நினைத்தேன். மனிதன் ஒருமுறை பேப்பரில் வந்துவிட்டால் எவ்வளவு கல்லாகிவிடுவான் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. "இவங்க எலும்பு நிபுணர்" என்று என்னைக் காட்டி எல்லாரிடமும் சொன்னார். "விஞ்ஞான முறை ஒண்ணு இருக்கு. எலும்பை நாக்கில் வெச்சா ஒட்டினா பழசு, ஒட்டலைன்னா புதுசு. இப்பவே உங்க எல்லார் முன்னாடியும் செய்து காட்டுவாங்க. ஒட்டிட்டா எல்லாரும் பேசாமப் போயிடணும், சரியா?" துணியிலிருந்து ஒரு கை எலும்பை எடுத்து என்னிடம் நீட்டினார்.

அவள் என்னைப் பார்த்தாள். அவர் சொன்னது அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"மாட்டேன்" என்றேன்.

"இது உங்க வேலைம்மா."

"வேலையைத் தனியா ஏற்கெனவே செஞ்சுட்டேன் சார். ஒட்டலை. உங்ககிட்ட சொல்லியாச்சு. பெத்தவ முன்னாடி செய்ய மாட்டேன்."

"மாட்டேன்னா? அடுத்த வருஷம் இந்த வேலை வேணுமா வேணாமா?"

"வேணும். ஆனா இதைச் செய்ய மாட்டேன்."

வீட்டில் என் சம்பளத்தை நம்பி அம்மாவும் இரண்டு தம்பிகளும் இருந்தார்கள். அந்த நேரத்தில் அவர்கள் ஞாபகம் வராமல் இல்லை. இருந்தாலும் அந்தக் கை எலும்பை வாங்க என் கை நீளவில்லை. அவ்வளவுதான். வீரம் கீரம் என்று நீங்கள் ஒன்றும் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்களுக்கு இவ்வளவு பயம்னா நான் செய்யறேன்" என்று சொல்லி, அத்தனை பேர் பார்க்க, அந்தக் கை எலும்பைத் தன் நாக்கில் வைத்தார்.

ஒட்டவில்லை.

அவர் கையை எடுத்ததும் அது நழுவி அவருடைய உள்ளங்கையிலேயே விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை வைக்கப் போனார். அதற்குள் கோவிந்தம்மா முன்னால் வந்து அவர் கையைப் பிடித்துவிட்டாள். திட்டவில்லை, அடிக்கவில்லை. எலும்பை அவர் விரலிலிருந்து பிரித்து எடுத்து, முந்தானையில் அழுந்தத் துடைத்தாள். பிள்ளைக்கு எச்சில் துடைக்கிற மாதிரிதான் துடைத்தாள்.

கொழுந்தன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். "த்தூ! நீயெல்லாம் மனுசனாய்யா? பொணத்த நக்கற நாயி!" என்று கத்தினான். மற்றவர்கள் அவனை இழுத்துப் பிடித்தார்கள். அவன் பேசியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.

அதிகாரி அப்போதும் விடவில்லை. "அரசாங்கச் சொத்து. மேலிடத்து உத்தரவு இல்லாம ஒரு துண்டு வெளியே போகக் கூடாது" என்றார். நான் சொன்னேன்: "பழசா இருந்தாத்தான் சார் அது நம்ம சொத்து. புதுசுன்னா போலீஸ் விஷயம். புதைச்ச குழந்தையை அப்பா அம்மாவுக்குத் தெரியாம யார் தோண்டினாங்கன்னு பழவேற்காட்டு ஸ்டேஷன்ல போய் எழுதிக் கொடுக்கட்டுமா? ஒட்டலைங்கறதுக்கு இப்போ இத்தனை பேர் சாட்சி." அவர் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்துவிட்டார்.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், கதை சுபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கண்காட்சி நடந்தது. கண்ணாடிப் பெட்டியில் எலும்புக்குப் பதில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வைத்தார்கள், அதே ஐயாயிரம் வருஷத்து லேபிளோடு. பேப்பரில் மறுப்பு வரவில்லை. என் அறிக்கையில் 'அண்மைக்காலத்துக் குழந்தை' என்று எழுதிக் கொடுத்தேன், அது எந்தப் பீரோவில் செத்ததோ. அடுத்த வருஷம் எனக்கு நீட்டிப்பு வரவில்லை. இரண்டு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்தேன். அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அந்தப் படம் மட்டும் புத்தகத்துக்குப் புத்தகம் தாவி, உங்கள் பாடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அச்சில் வந்ததை ஒருவரும் எதிர்த்துக் கேட்பதில்லை. நீங்களாவது கேட்டீர்களா? காதெலும்பு எங்கே என்றுதானே கேட்டீர்கள்?

இனி அன்று மதியம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். இதற்காகத்தான் ஃபோனில் அப்படிக் கத்தினேன்.

அதிகாரி போன பிறகு குப்பத்து ஆட்கள் மேட்டின் மறுபக்கத்தில், யாரும் தோண்டாத இடமாகப் பார்த்துக் குழி வெட்டினார்கள். கோவிந்தம்மா புடவை ஒன்றை நாலாக மடித்து விரித்தாள். என்னைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் படித்த பொம்பிளை யாராக இருந்தாலும் டீச்சரம்மாதான்.

"டீச்சரம்மா, நீ எலும்பு பாக்கறவதான? எம் புள்ளைக்கு எல்லாம் கீதான்னு பாத்து எடுத்து வை. ஒண்ணும் வுட்டுப் போவக் கூடாது."

உட்கார்ந்தேன். தலையை வைத்தேன். தாடை, முதுகெலும்பு ஒவ்வொன்றாக, விலாக்கள், கைகள், இடுப்பு. பச்சைப் பிள்ளையின் எலும்புகள் இணைந்திருக்காது, சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் இருக்கும். அத்தனையையும் இடம் பார்த்து வைத்தேன். அவள் பக்கத்தில் குந்தி, நான் வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது தொடை எலும்பு வைத்தேன். வலதைத் தேடினேன். துணியில் இல்லை. பெட்டியில் இல்லை. எங்களோடு தோண்டிக்கொண்டிருந்த ஆள் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் வருவதற்கு முன்பே அதிகாரி அதை ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டாராம். காலக் கணிப்புக்கு. இந்நேரம் இடித்துப் பொடியாக்கியிருப்பார்கள். (பிற்பாடு முடிவும் வந்தது. 'மிக அண்மைக் காலத்தது' என்று ஒரு வரி. அதை அவர் யாருக்கும் காட்டவில்லை.)

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். எல்லாம் இருக்கிறது என்றால் நிம்மதியாகப் போய்விடுவாள், அவளுக்கு எண்ணத் தெரியாது. ஆனால் அவள் கண் ஏற்கெனவே அந்த இடத்தில் நின்றுவிட்டது. ஒரு பக்கம் எலும்பு இருக்கிறது, மறுபக்கம் வெறும் புடவை.

"இந்தக் கால் எங்க டீச்சரம்மா?" என்றாள்.

"இல்லைம்மா. வெளியூருக்கு அனுப்பிட்டாங்க. திரும்பி வராது. அரைச்சிருப்பாங்க."

"அரைச்சாங்களா?" அவளுக்குக் கோபம் வரவில்லை, புரியவில்லை. "புள்ள எலும்ப இன்னாத்துக்கு அரைக்கணும்?"

"அவன் எப்போ செத்தான்னு கண்டுபிடிக்கறதுக்கு" என்றேன்.

கோவிந்தம்மா அந்த வெறும் புடவையைக் கையால் நீவிவிட்டாள்.

"அத்த என்னாண்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே டீச்சரம்மா" என்றாள். "கார்த்திகை மாசம், அமாவாசைக்கு மறுநாளு. விடியக் காத்தால."